டெபியன் மேம்படுத்தலுக்குப் பிறகு கணினிப் பெயர் சிக்கல்கள்: புதியவர்களுக்கான வழிகாட்டி

டெபியன் 11-இலிருந்து 12-க்கு மேம்படுத்தும் வேலை முடிந்து, கணினியும் மறுதொடக்கம் ஆகிவிட்டது. முனையத்தைத் திறந்து, நிர்வாகி உரிமையோடு கட்டளையை இயக்கும் ‘சுடோ’வைச் சேர்த்து ஏதோ ஒரு கட்டளையை இடுகிறீர்கள். கர்சர் சில விநாடிகள் அப்படியே நிற்கிறது. பிறகு ‘சுடோ: அன்ஏபிள் டு ரிசால்வ் ஹோஸ்ட் குறிஞ்சி’ என்று ஒரு வரி வருகிறது, அதற்குப் பிறகுதான் கடவுச்சொல்லைக் கேட்கிறது. (குறிஞ்சி என்பது எடுத்துக்காட்டுக்கு நான் வைத்துக்கொண்ட கணினிப் பெயர்.) இன்னும் சிலருக்கு உலாவியில் எந்த இணையதளமும் திறப்பதில்லை.

லினக்ஸுக்குப் புதிதாக வந்தவர்கள் இந்த இடத்தில் மேம்படுத்தலே பாழாகிவிட்டது என்று முடிவுகட்டி, வட்டை அழித்து மறுபடியும் நிறுவத் தொடங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெரும்பாலும் ஒரு கோப்பில் ஒரு வரியோ, விடுபட்டுப்போன ஒரு பொதியோதான் (மென்பொருள் தொகுப்போதான்) காரணமாக இருக்கும். கணினியின் பெயரும், பிற கணினிகளின் பெயரைத் தேடும் வழியும் ஒரே இடத்தில் எழுதி வைக்கப்படுவதில்லை. நான்கைந்து இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. மேம்படுத்தல் அவற்றில் சிலவற்றை மாற்றுகிறது, சிலவற்றைத் தொடுவதே இல்லை. ஆகவே ஒவ்வோர் இடத்தையும் வரிசையாகப் பார்த்து, எது மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடிப்பதே நாம் செய்யவேண்டியது.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டச்சிடும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், சாய்கோடு, புள்ளி, இடைவெளி ஆகியவை இங்கே இருக்கும் இடங்களிலேயே வரும்படி இட வேண்டும். ‘/இடிசி/’ என்பது இ, டி, சி என்னும் மூன்று எழுத்துகள் கொண்ட அடைவு. அமைப்புக் கோப்புகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

எந்தப் பெயர் கிடைக்கவில்லை?

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இது: கணினிக்குத் தன் பெயரே தெரியவில்லையா, அல்லது பிறர் பெயர் தெரியவில்லையா? திரையில் வரும் செய்தியே பாதி விடையைச் சொல்லிவிடும். ‘அன்ஏபிள் டு ரிசால்வ் ஹோஸ்ட்’ என்பதை அடுத்து உங்கள் கணினியின் பெயரே வந்தால், அது முதல் வகை. ‘டெம்பரரி ஃபெயிலியர் இன் நேம் ரெசல்யூஷன்’ என்று ஓர் இணையதளத்தின் பெயரோடு வந்தால், அது இரண்டாம் வகை.

இரண்டாம் வகை என்று தோன்றினால், இணைப்பு இருக்கிறதா என்பதையும் உடனே சோதித்துவிடுங்கள் (9.9.9.9 என்பது இணையத்தில் பெயர் தேடித் தரும் ஒரு பொது வழங்கியின், அதாவது சர்வரின், முகவரி):

பிங் -சி 3 9.9.9.9

மூன்று பதில்கள் வந்தால் கம்பியும் ரவுட்டரும் நன்றாக இருக்கின்றன, பெயர் தேடும் வேலை மட்டுமே நின்றிருக்கிறது என்று பொருள். பதிலே வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் இணைப்பிலேயே இருக்கிறது; அந்த நிலையில் பெயர் அமைப்புகளைத் திருத்திப் பயனில்லை. ‘ஐபி ஏ’ என்ற கட்டளையை இட்டு, உங்கள் பிணைய அட்டைக்கு முகவரி கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மேம்படுத்தலோடு அட்டையின் பெயரும் மாறியிருக்கலாம். பழைய பெயரில் எழுதி வைத்த அமைப்பு, புதிய பெயருள்ள அட்டைக்குச் செல்லுபடியாகாது.

கணினியின் சொந்தப் பெயர்

‘ஹோஸ்ட்நேம்சிடிஎல்’ என்று மட்டும் தட்டச்சிட்டு என்டர் அழுத்துங்கள். வரும் பட்டியலின் தொடக்கத்தில் ‘ஸ்டேட்டிக் ஹோஸ்ட்நேம்’ என்று ஒரு வரி இருக்கும். அதுவே உங்கள் கணினியின் நிலையான பெயர். /இடிசி/ஹோஸ்ட்நேம் என்னும் கோப்பிலிருந்து அது எடுக்கப்படுகிறது. அந்தக் கோப்பில் ஒரே ஒரு சொல் மட்டுமே இருக்க வேண்டும். ‘ட்ரான்சியன்ட் ஹோஸ்ட்நேம்’ என்று இன்னொரு வரியும் தெரிந்தால், ரவுட்டரோ வேறு ஏதோ ஒரு சேவையோ தற்காலிகமாக ஒரு பெயரைக் கொடுத்திருக்கிறது என்று அறியலாம். நிலையான பெயர் சரியாக எழுதப்பட்டிருந்தால் இந்தத் தற்காலிகப் பெயருக்கு வேலையில்லை.

பெயரில் ஆங்கில எழுத்துகள், எண்கள், நடுவில் சிறு கோடு ஆகியவற்றுக்கு மட்டுமே இடமுண்டு. அடிக்கோடு கூடாது, சிறு கோட்டில் தொடங்கவோ முடியவோ கூடாது. லினக்ஸில் முழுப் பெயரும் 64 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியும் 63-ஐத் தாண்டக் கூடாது. அச்சகக் கணினிகளிலும் பள்ளி ஆய்வகங்களிலும் ‘லேப்_பிசி_1’ என்பது போன்ற பெயர்களை அடிக்கடி பார்க்கிறேன். பழைய அமைப்பில் அவை எப்படியோ ஓடிக்கொண்டிருந்திருக்கும். புதிய அமைப்பில் ஏதாவது ஒரு நிரல் அந்த அடிக்கோட்டை ஏற்காமல் நின்றுவிடும். பெயரை மாற்ற:

சுடோ ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம் குறிஞ்சி

இத்தோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பெயரை வைப்பது ஒரு வேலை. அந்தப் பெயருக்கு உரிய முகவரி எது என்று சொல்வது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையைச் செய்வது /இடிசி/ஹோஸ்ட்ஸ் கோப்பு. ‘ஹோஸ்ட்நேம்சிடிஎல்’ இந்தக் கோப்பைத் தொடுவதில்லை. நான் பார்த்த ‘அன்ஏபிள் டு ரிசால்வ் ஹோஸ்ட்’ செய்திகளில் மிகப் பல, ஒரு கோப்பில் புதுப் பெயரும் மற்றொன்றில் பழைய பெயரும் இருந்ததால் வந்தவை.

இந்தச் சிறு கோப்புக்கு ஒரு வரலாறு உண்டு. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில், எல்லாக் கணினிகளின் பெயரும் முகவரியும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் உள்ள எஸ்ஆர்ஐ நிறுவனத்தின் தகவல் மையம் அதைப் பராமரித்துவந்தது. மற்றவர்கள் அங்கிருந்து படியெடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அந்த முறை தாங்கவில்லை. 1983-இல் பால் மொகபெட்ரிஸ், பெயர்களுக்குரிய முகவரிகளைப் பல வழங்கிகளில் பிரித்துவைத்துக் கேட்டறியும் டிஎன்எஸ் முறையை வடிவமைத்தார். ஆனாலும் அந்தப் பழைய கோப்பின் வாரிசு இன்றும் ஒவ்வொரு கணினியிலும் இருக்கிறது, வழக்கமாக டிஎன்எஸ்ஸுக்கு முன்பாகவே அதைத்தான் கணினி பார்க்கிறது.

திருத்துவதற்கு முன் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு நானோ என்னும் உரைத்திருத்தியில் திறங்கள்:

சுடோ சிபி /இடிசி/ஹோஸ்ட்ஸ் /இடிசி/ஹோஸ்ட்ஸ்.பழையது
சுடோ நானோ /இடிசி/ஹோஸ்ட்ஸ்

(பிரதியின் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் சொல்லை ஆங்கில எழுத்துகளில் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.) ஒழுங்கான ஒரு கோப்பு இப்படித் தொடங்கும்:

127.0.0.1 லோக்கல்ஹோஸ்ட்
127.0.1.1 குறிஞ்சி

முதல் வரியை எக்காரணம் கொண்டும் அழிக்க வேண்டாம். பல நிரல்கள் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற சொல்லை நம்பித்தான் தமக்குள் பேசிக்கொள்கின்றன. இரண்டாவது வரியில் இருக்கும் 127.0.1.1 டெபியனின் வழக்கம். வீட்டுக் கணினிக்கு நிரந்தர முகவரி இருப்பதில்லை. ரவுட்டர் இன்று ஒன்று கொடுக்கும், நாளை ஒன்று கொடுக்கும். அதனால் கணினி தன்னையே குறிக்கும் முகவரிகளில் ஒன்றை எடுத்துத் தன் பெயரோடு சேர்த்துவைக்கிறது. நிரந்தர முகவரி உள்ள வழங்கியானால் 127.0.1.1-க்குப் பதிலாக அந்த முகவரியையே எழுதுவது நல்லது.

முழுப் பெயரும் குறும்பெயரும் வேண்டுமென்றால் முழுப் பெயர்தான் முதலில் வர வேண்டும். வீட்டுப் பிணையத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட ஹோம்.ஆர்ப்பா என்னும் களப்பெயரைப் பயன்படுத்தினால், வரி இப்படி இருக்கும்:

127.0.1.1 குறிஞ்சி.ஹோம்.ஆர்ப்பா குறிஞ்சி

வரிசையை மாற்றி எழுதினால், ‘ஹோஸ்ட்நேம் -எஃப்’ முழுப் பெயரைக் கேட்கும்போது குறும்பெயரே விடையாக வரும். அஞ்சல் வழங்கி வைத்திருப்பவர்களுக்கு இது தலைவலி. நானோவில் கன்ட்ரோல் ஓ, என்டர் அழுத்திச் சேமித்து, கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தி வெளியேறுங்கள்.

கோப்பு சரியாகவே தெரிகிறது, ஆனாலும் பெயர் கிடைக்கவில்லை என்றால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஏதேனும் ஒளிந்திருக்கலாம். ‘கேட் -ஏ /இடிசி/ஹோஸ்ட்ஸ்’ என்று இடுங்கள். இதில் ‘ஏ’ மட்டும் பேரெழுத்து. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் $ என்ற குறி மட்டும் இருந்தால் நல்லது. $ குறிக்கு முன்னால் ^எம் என்று தெரிந்தால், கோப்பு விண்டோஸ் கணினியில் திருத்தப்பட்டு வந்திருக்கிறது. கைபேசிச் செய்தியிலிருந்து நகலெடுத்து ஒட்டிய வரிகளிலும் இப்படி வேண்டாத எழுத்துகள் கூடவே வந்துவிடும். அந்த வரியை முழுவதும் அழித்துவிட்டுக் கையால் மறுபடியும் தட்டச்சிடுவதே விரைவான தீர்வு.

அனுமதியையும் பாருங்கள். ஒரு சிறு அச்சகத்தின் கணினியில், ரூட் பயனராக (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகியாக) நுழைந்தால் எல்லாப் பெயரும் கிடைத்தன. வழக்கமான பயனராக நுழைந்தால் ஒன்றுமே கிடைக்கவில்லை. அரை நாள் டிஎன்எஸ்ஸைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ‘எல்எஸ் -எல் /இடிசி/ஹோஸ்ட்ஸ்’ இட்டுப் பார்த்தபோது, கோப்பைப் படிக்கும் உரிமை ரூட்டுக்கு மட்டுமே இருந்தது. யாரோ அதை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கியபோது அப்படி ஆகியிருக்கிறது. பக்கத்திலிருந்த /இடிசி/ரிசால்வ்.கான்ஃப் கோப்புக்கும் அதே கதி. ‘சுடோ சிஎச்மோட் 644’ என்பதோடு கோப்பின் பெயரைச் சேர்த்து, இரண்டு கோப்புகளுக்கும் ஒருமுறை இட்டதும் எல்லாம் சரியாயிற்று. அன்று முதல் உள்ளடக்கத்தைப் பார்ப்பதற்கு முன் அனுமதியைத்தான் பார்க்கிறேன்.

பிற கணினிகளின் பெயர்

டெபியன் 12 வெளியானது 2023 ஜூன் 10-ஆம் நாள். அந்தப் பதிப்பில் ஒரு முக்கியமான மாற்றம் நடந்தது. அதுவரை, கணினியின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி பொதிக்குள்ளேயே இருந்த சிஸ்டம்டி-ரிசால்வ்ட் என்னும் பெயர் தேடும் சேவையைத் தனிப் பொதியாகப் பிரித்துவிட்டார்கள். மேம்படுத்தும்போது அந்தப் புதிய பொதி தானாக நிறுவப்படுவதில்லை. பழைய அமைப்பில் அந்தச் சேவையைப் பயன்படுத்தியவர்களுக்கு, மேம்படுத்திய பின் பெயர் தேடல் நின்றுபோகக்கூடும் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே எச்சரித்திருக்கிறார்கள். வெளியீட்டுக் குறிப்பைப் படிக்காமல் மேம்படுத்துகிறவர்களே அதிகம் என்பதால், இந்த ஒரு காரணத்தால் தவித்தவர்கள் பலர்.

உங்கள் கணினி அந்த வகையா என்று அறிய:

எல்எஸ் -எல் /இடிசி/ரிசால்வ்.கான்ஃப்

இந்தக் கோப்புப் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. ‘ரிசால்வ்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தான ‘இ’ இதில் கிடையாது. ‘வி’ எழுத்தை அடுத்து நேராகப் புள்ளி வர வேண்டும். பழக்கத்தில் ‘இ’ சேர்த்துத் தட்டச்சிட்டு, வேறொரு கோப்பை உருவாக்கி, அதைத் திருத்தித் திருத்திச் சலித்துப்போனவர்களை நான் அறிவேன்.

வரும் விடையில் ஓர் அம்புக்குறியும், அதன் பின் ‘/ரன்/சிஸ்டம்டி/ரிசால்வ்/’ என்று தொடங்கும் பாதையும் தெரிந்தால், இது உண்மையான கோப்பன்று. வேறோர் இடத்தைக் காட்டும் இணைப்பு. அந்தச் சேவை இல்லாதபோது அந்த இடத்தில் எதுவும் இருக்காது. இந்த இடத்தில் புதியவர்களுக்கு ஒரு முட்டுச்சந்து வரும்: பொதியை நிறுவ இணையம் வேண்டும், இணையத்துக்குப் பெயர் தேடல் வேண்டும், பெயர் தேடலுக்கு அந்தப் பொதி வேண்டும். வெளியேற வழி, கையால் தற்காலிகமாக ஒரு கோப்பை எழுதிக்கொள்வது:

சுடோ ஆர்எம் /இடிசி/ரிசால்வ்.கான்ஃப்
சுடோ நானோ /இடிசி/ரிசால்வ்.கான்ஃப்

உள்ளே ஒரே ஒரு வரி போதும்:

நேம்சர்வர் 9.9.9.9

முதல் கட்டளை இணைப்பை மட்டுமே நீக்குகிறது; வேறெதுவும் அழியாது. சேமித்த உடனே பெயர்கள் கிடைக்கத் தொடங்கும். இனி ‘சுடோ ஏபிடி அப்டேட்’ இட்டு, தொடர்ந்து ‘சுடோ ஏபிடி இன்ஸ்டால் சிஸ்டம்டி-ரிசால்வ்ட்’ என்று இடுங்கள். கோப்புப் பெயரைப் போலன்றி, இந்தப் பொதிப் பெயரின் முடிவில் ‘இ’, ‘டி’ இரண்டும் உண்டு. நிறுவி முடித்தபின் ‘ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ இட்டால், எந்த அட்டைக்கு எந்தப் பெயர் வழங்கி என்ற விவரம் தெரியும். பட்டியலில் ஒரு வழங்கியும் இல்லையென்றால், /இடிசி/சிஸ்டம்டி/ரிசால்வ்ட்.கான்ஃப் கோப்பில் ‘டிஎன்எஸ்=’ என்ற வரிக்கு நேராக ஒரு முகவரியை எழுதுங்கள். அந்த வரியின் தொடக்கத்தில் # இருந்தால் அதை நீக்கிவிடுங்கள். ‘டிஎன்எஸ்’ இங்கே பேரெழுத்தில்தான் இருக்க வேண்டும்.

மேசைக் கணினியில் பிணைய இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் ஓடுகிறது என்றால், இந்தச் சேவை இல்லாமலும் சமாளிக்கலாம். மேலே சொன்ன ரிசால்வ்.கான்ஃப் என்னும் பழைய இணைப்புக் கோப்பை நீக்கிவிட்டு ‘சுடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் நெட்வொர்க்மேனேஜர்’ என்று இட்டால், அதுவே ரிசால்வ்.கான்ஃப் கோப்பை எழுதிவிடும். அந்தச் சேவையின் பெயரில் ‘என்’, ‘எம்’ ஆகிய இரண்டு எழுத்துகளும் பேரெழுத்துகள். ஒரு வீட்டுக் கணினிக்கு நான் இந்த வழியையே பரிந்துரைப்பேன். பிழை வந்தால் தேடவேண்டிய இடங்கள் குறையும்.

தொடக்கத்தில் சொன்ன சில விநாடித் தாமதத்துக்கும் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. ரிசால்வ்.கான்ஃப் காட்டும் வழங்கி பதில் சொல்லாவிட்டால், கணினி இயல்பாக 5 விநாடி காத்திருந்து, மறுபடியும் ஒருமுறை முயல்கிறது. தன் பெயர் ஹோஸ்ட்ஸ் கோப்பில் இல்லாத கணினி, அதையும் அந்த வழங்கியிடமே கேட்டுக்கொண்டு நிற்கிறது.

தேடும் வரிசை

எந்த இடத்தை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்று முடிவுசெய்வது /இடிசி/என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பில் ‘ஹோஸ்ட்ஸ்:’ என்று தொடங்கும் வரி. மேசைக் கணினியில் அது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

ஹோஸ்ட்ஸ்: ஃபைல்ஸ் எம்டிஎன்எஸ்4_மினிமல் [நாட்ஃபவுண்ட்=ரிட்டர்ன்] டிஎன்எஸ்

‘ஃபைல்ஸ்’ என்பது ஹோஸ்ட்ஸ் கோப்பு. அடுத்தது, ‘.லோக்கல்’ என்று முடியும் பெயர்களை அக்கம்பக்கத்துக் கணினிகளிடமே கேட்டறியும் முறை. அடைப்புக்குள் இருப்பது, அங்கே கிடைக்காவிட்டால் மேலே போகாதே என்னும் ஆணை. கடைசியாக டிஎன்எஸ். உங்கள் அலுவலகப் பிணையம் ‘.லோக்கல்’ என்று முடியும் பெயர்களை டிஎன்எஸ்ஸில் வைத்திருந்தால், தேடல் நடுவிலேயே நின்றுவிடக்கூடும். அடைப்பிலுள்ள ஆணையை நீக்கிப் பார்க்கலாம்.

சில பொதிகள் நிறுவப்படும்போதும் நீக்கப்படும்போதும் இந்த வரியைத் தாமாகவே திருத்துகின்றன. அவற்றில் லிப்என்எஸ்எஸ்-மைஹோஸ்ட்நேம் என்ற பொதி குறிப்பிடத்தக்கது. அது இருக்கும்வரை, ஹோஸ்ட்ஸ் கோப்பில் உங்கள் கணினிப் பெயர் இல்லாவிட்டாலும் குறை தெரியாது. பெயருக்கு அதுவே முகவரி சொல்லிவிடும். மேம்படுத்தலுக்குப் பின் ‘ஆட்டோரிமூவ்’ இட்டு வேண்டாத பொதிகளை நீக்கும்போது அதுவும் போய்விட்டால், பல ஆண்டுகளாக இருந்த குறை அன்றுதான் வெளியே தெரியும்.

சோதிக்கும்போது ‘டிக்’, ‘என்எஸ்லுக்அப்’ ஆகிய கட்டளைகளை மட்டும் நம்பாதீர்கள். இவை நேராக டிஎன்எஸ் வழங்கியிடம் போய்க் கேட்கின்றன. ஹோஸ்ட்ஸ் கோப்பையும் மேலே சொன்ன வரிசையையும் பார்ப்பதே இல்லை. அதனால் எல்லாம் சரியாக இருக்கும்போதும் உங்கள் கணினியின் பெயரை ‘டிக்’ தெரியாது என்று சொல்லலாம். மற்ற நிரல்கள் பெயரைத் தேடும் அதே வழியில் தேடிக் காட்டுவது ‘கெட்என்ட்’:

கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் குறிஞ்சி
கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் டெபியன்.ஆர்க்

முதலாவதற்கு விடையில்லை என்றால் ஹோஸ்ட்ஸ் கோப்புக்குத் திரும்புங்கள். இரண்டாவதற்கு மட்டும் விடையில்லை, ஆனால் ‘டிக்’ விடை சொல்கிறது என்றால், தேடும் வரிசையில்தான் பிழை.

பெயரே மாறிவிட்டால்

வாடகை வழங்கிகளில் வேறொரு தொல்லை உண்டு: நீங்கள் வைத்த பெயர் ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் பழைய பெயருக்கே திரும்பிவிடும். க்ளவுட்-இனிட் என்னும் நிரலின் வேலை அது. /இடிசி/க்ளவுட்/க்ளவுட்.சிஎஃப்ஜி கோப்பில் ‘ப்ரிசர்வ்_ஹோஸ்ட்நேம்’ என்ற வரியை ‘ட்ரூ’ என்று மாற்றினால் பெயர் நிலைக்கும். மேம்படுத்தலின்போது ‘அமைப்புக் கோப்பின் புதிய பதிப்பை வைக்கவா, உங்களுடையதையே வைத்துக்கொள்ளவா’ என்ற கேள்விக்குப் புதியது என்று விடை சொல்லியிருந்தால், நீங்கள் முன்பு எழுதிய ‘ட்ரூ’ அதோடு போயிருக்கும். உங்களுடைய பழைய கோப்பு ‘.டிபிகேஜி-ஓல்ட்’ என்ற பின்னொட்டோடு அதே அடைவில் இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீட்டுப் பிணையத்தில் ‘குறிஞ்சி.லோக்கல்’ என்பது ‘குறிஞ்சி-2.லோக்கல்’ ஆகத் தெரிந்தால், அதே பெயரில் இன்னொரு கணினி இருக்கிறது என்று, ‘.லோக்கல்’ பெயர்களைக் கவனிக்கும் அவாஹி சேவை கருதிவிட்டது. ஒரே வட்டுப் பிரதியிலிருந்து இரண்டு கணினிகளை அமைத்தவர்களுக்கு இது நேரும். ஒன்றின் பெயரை மாற்றிவிடுங்கள். விண்டோஸ் கணினிகளோடு சாம்பா வழியாகக் கோப்புகளைப் பகிர்வோர், பெயரை 15 எழுத்துகளுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் பெயர் வைக்க முடியாதா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். பிணையத்தில் வழங்கும் பெயர் ஆங்கில எழுத்துகளில்தான் இருந்தாக வேண்டும். ஆனால் மனிதர்கள் படிப்பதற்கென்று ‘ப்ரெட்டி ஹோஸ்ட்நேம்’ என்று ஒன்று தனியே உண்டு. அதில் தமிழ் எழுத்து, இடைவெளி எல்லாம் செல்லும்:

சுடோ ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம் --ப்ரெட்டி "குறிஞ்சி, மாடி அறை"

மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதை மட்டும் தமிழிலேயே தட்டச்சிடலாம். ‘--ப்ரெட்டி’ என்பதை விட்டுவிடாமல் சேர்த்தால் நிலையான பெயர் மாறாது.

எல்லாம் முடிந்ததும் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து, ‘ஹோஸ்ட்நேம்சிடிஎல்’, ‘ஹோஸ்ட்நேம் -எஃப்’, மேலே கண்ட இரண்டு ‘கெட்என்ட்’ வரிகள் ஆகிய நான்கையும் வரிசையாக இட்டுப் பாருங்கள். மறுதொடக்கத்துக்கு முன் சரியாக இருந்த ஒன்று, பின்னால் தவறிப்போனால், தொடங்கும் நேரத்தில் ஏதோ ஒரு சேவை அந்தக் கோப்பை மாற்றி எழுதுகிறது. ‘எல்எஸ் -எல்’ காட்டும் நேரத்தைக் கொண்டு எந்தக் கோப்பு என்று கண்டுபிடித்துவிடலாம். பிரதி எடுத்துவைத்த பழைய ஹோஸ்ட்ஸ் கோப்பை ஒரு வாரமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.